நாலு கோட்டில் ஒரு கங்காரு

கங்காருவைத் தெரியாத குழந்தை இன்று எந்த வீட்டிலும் இராது. வயிற்றுப் பையில் குட்டியை வைத்துக்கொண்டு தாவித் தாவி ஓடும் அந்தத் தாயின் படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, நீயும் என்னை இப்படித் தூக்கிக்கொண்டு போயேன்!" என்று அடம் பிடிக்கிற குழந்தைகள் எத்தனையோ! ஆனால், 1770-ஆம் ஆண்டு வரையில் ஐரோப்பாவில் கங்காரு என்ற பெயரே யாருக்கும் தெரியாது. அந்தப் பெயரும் படமும் உலகத்துக்குக் கிடைத்த ஊருக்குத்தான் இப்போது போகப் போகிறோம்.

ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கோடியில், குவீன்ஸ்லாந்து மாகாணத்தில் இருக்கிறது குக்டவுன் என்ற சிற்றூர். கெய்ன்ஸ் நகரிலிருந்து சாலை வழியாகப் போனால் சுமார் 330 கிலோ மீட்டர். ஒரு பக்கம் கடல்; ஒரு பக்கம் எண்டெவர் நதி; நடுவில் புல் மூடிய ஒரு குன்று. குன்றின் உச்சியில் சிறிய கலங்கரை விளக்கம் ஒன்று நிற்கிறது. அங்கே ஏறி நின்றால் நதியும் கடலும் கைகோத்துக்கொள்ளும் இடம் கண்ணுக்குத் தெரியும். 1770-இல் காப்டன் ஜேம்ஸ் குக் இதே குன்றின் மேல் நின்று, பவளப் பாறைகளுக்கு நடுவே தப்பிப் போக வழி உண்டா என்று கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

கவலை இருக்காதா, பின்னே? ஜூன் 11-ஆம் தேதி இரவு அவருடைய 'எண்டெவர்' கப்பல் பவளப் பாறையில் மோதிவிட்டது. கப்பலை இலேசாக்குவதற்காக ஆறு பீரங்கிகளைக்கூடக் கடலில் தள்ளினார்கள். தண்ணீர் உள்ளே பாய, இரவும் பகலும் இறைத்துக் கொட்டினார்கள். உடைத்த பாறையின் துண்டு ஒன்றே ஓட்டையில் சிக்கி அதைப் பாதி அடைத்துக்கொண்டிருந்ததால் தப்பினார்கள்! எப்படியோ நொண்டி நொண்டி இந்த நதிக்குள் வந்து, கப்பலைக் கரையில் சாய்த்துப் பழுது பார்க்க ஏழு வாரங்கள் தங்க நேர்ந்தது.

அந்தக் கப்பலில் ஒரு சித்திரக்கார இளைஞர் இருந்தார். சிட்னி பார்க்கின்சன் என்று பெயர். ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரைச் சேர்ந்தவர். புதுப் புதுச் செடிகளையும் பிராணிகளையும் தேடிப் புறப்பட்ட ஜோசப் பாங்க்ஸ் என்ற பணக்காரக் கனவான், பார்த்ததை எல்லாம் அப்படியே படமாக எழுதித் தருவதற்காக அவரைத் தம் செலவில் அழைத்து வந்திருந்தார். போட்டோக் கருவி இல்லாத காலம் அது. அறுத்த பூ வாடிவிடும்; பிடித்த மீன் செத்ததும் நிறம் மாறிவிடும். அதற்குள் வரைந்தாக வேண்டும்.

சுகமான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். டாஹிட்டித் தீவில் ஈக்கள் மொய்த்து, காகிதத்தில் பூசப் பூச வர்ணத்தைத் தின்று தீர்த்தன. கடைசியில் கொசுவலைக்குள் உட்கார்ந்து படம் போட வேண்டியதாயிற்று! இயற்கைக் காட்சிகளை வரைவதற்கென்று கூட வந்த அலெக்ஸாண்டர் புக்கன் என்ற சித்திரக்காரர் அந்தத் தீவிலேயே காலமாகிவிட்டார். அவருடைய வேலையும் பெரும்பாலும் பார்க்கின்சன் தலையில் விழுந்தது. செடிகளோ கூடை கூடையாக வந்து குவிந்தன. என்ன செய்வார்? உருவத்தைக் கோடுகளால் பிடித்துக்கொண்டு, ஓர் இலைக்கும் ஒரு பூவுக்கும் மட்டும் வர்ணம் தீட்டி வைத்தார். மீதியை ஊருக்குத் திரும்பிய பிறகு சாவகாசமாக முடித்துக்கொள்ளலாம் என்று எண்ணம்.

எண்டெவர் நதிக் கரையில் புறா சுடப் போன சிலர் ஓடி வந்து, எலி நிறத்தில் வேட்டை நாய் அளவில் ஒரு மிருகத்தைப் பார்த்ததாகச் சொன்னார்கள். இரண்டு நாளில் குக்கும் அதைப் பார்த்தார். ஓட்டத்தைப் பார்க்காவிட்டால் காட்டு நாய் என்றே நினைத்திருப்பாராம். முயலைப் போலத் தாவிப் போனதால் குழம்பினார். இந்தச் சமயத்தில் மாலுமி ஒருவர், கறுத்த உடலும் தலையில் இரண்டு கொம்புகளுமாகச் சாட்சாத் பிசாசையே பார்த்துவிட்டதாகக் கதிகலங்கி வந்து நின்றார். அது பழந்தின்னி வௌவால்! பாங்க்ஸ் வளர்த்த வேட்டை நாயும் அந்தத் தாவும் பிராணியைத் துரத்திப் பார்த்துத் தோற்றது. நாய் உயரமான புல்லில் சிக்கித் தவிக்க, கங்காரு புல்லுக்கு மேலே தாவிப் போய்விட்டது.

ஜூலை 14-ஆம் தேதி ஜான் கோர் என்ற அதிகாரி ஒன்றைச் சுட்டுக் கொண்டுவந்தார். 38 ராத்தல் எடை. மறுநாள் அது சமையலாகி, எல்லோரும் ருசித்துச் சாப்பிட்டார்கள். பார்க்கின்சன் பென்சிலால் போட்ட கங்காருச் சித்திரங்களில் இரண்டு இன்றும் லண்டன் இயற்கை வரலாற்றுப் பொருட்காட்சி சாலையில் இருக்கின்றன. வர்ணம் இல்லை, பின்னணி இல்லை; அவசரமாக இழுத்த சில கோடுகள்தாம்.

அந்தப் பிராணியின் பெயரையும் அவர் குறித்துக்கொண்டார். அந்த மண்ணுக்கு உரியவர்கள் கூகு யிமிதிர் மக்கள். அவர்கள் பேச்சில் அது 'கங்குரு'. நெடுங்காலமாக ஒரு வேடிக்கைக் கதை உலவி வந்தது. வெள்ளைக்காரர்கள் பெயர் கேட்டபோது, "எனக்குத் தெரியாது" என்ற அர்த்தத்தில் அவர்கள் சொன்ன வார்த்தைதான் கங்காரு என்று! கதை சுவையானதுதான், ஆனால் பொய். 1970-களின் ஆரம்பத்தில் ஜான் ஹாவிலண்ட் என்ற மொழி அறிஞர் அந்த மக்களோடு பழகி அவர்கள் மொழியை ஆராய்ந்தார். ஒரு குறிப்பிட்ட இனக் கங்காருவுக்கு அதுவே உண்மையான பெயர் என்பது நிச்சயமாயிற்று. தெரியாது என்று அவர்கள் சொல்லவே இல்லை. கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்னவர்களைத்தான் உலகம் இரண்டு நூற்றாண்டு பரிகாசம் செய்தது!

அவர்களுக்குத் தெரிந்தது பெயர் மட்டும் அல்ல. குக்டவுனுக்கு மேற்கே, லாரா என்ற ஊர்ப் பக்கத்துப் பாறைகளில், செங்காவியாலும் வெள்ளைக் களிமண்ணாலும் தீட்டிய பழங்குடியினரின் சித்திரங்கள் இருக்கின்றன. கப்பல் வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அங்கே படம் எழுதும் வழக்கம் உண்டு. மனிதர்களோடு கங்காருவும் அங்கே இடம் பெற்றிருக்கிறது. எழுதிய கைகளுக்குப் பெயர் இல்லை.

நம் பார்க்கின்சன் என்ன ஆனார்? ஆகஸ்டு 4-ஆம் தேதி கப்பல் நதியை விட்டுப் புறப்பட்டது. இன்று ஜகார்த்தா என்று சொல்கிறோமே, அந்தப் பட்டேவியா துறைமுகத்தில் குளிர் ஜுரமும் சீதபேதியும் கப்பலைப் பிடித்துக்கொண்டன. அங்கிருந்து புறப்பட்ட பிறகு, 1771 ஜனவரியில், இந்து மகா சமுத்திரத்தின் நடுவே பார்க்கின்சன் கண்ணை மூடினார். வயது சுமார் இருபத்தைந்து. அவர் விட்டுப் போன செடிகொடிப் படங்கள் 900-க்கு மேல். பிராணிப் படங்கள் சுமார் 300. செடிப் படங்களில் பெரும்பாலானவை அந்த ஓர் இலைக்கும் ஒரு பூவுக்கும் மேல் வர்ணம் காணாதவை. சாவகாசம் என்பது அவருக்குக் கிடைக்கவே இல்லை.

லண்டனில் பாங்க்ஸ், ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்ற பிரபல ஓவியரிடம் கங்காருவின் தோலைக் கொடுத்தார். குதிரைப் படங்களுக்குப் பேர் போனவர் அவர். உயிருள்ள கங்காருவைப் பார்த்தவர் அல்ல. தோலை உப்ப வைத்தும், பார்க்கின்சனின் கோடுகளைத் துணைக்கு வைத்துக்கொண்டும் 1772-இல் தைல வர்ணத்தில் படம் எழுதினார். திரும்பிப் பார்க்கும் அந்தப் பிராணி பெரிய எலியைப் போல இருப்பதாகச் சிலர் சொல்வார்கள். ஆனாலும் 1773-இல் வெளிவந்த பிரயாணப் புத்தகத்தில் அச்சானது அந்தப் படத்தின் பிரதிதான். புத்தகத்துக்குப் புத்தகம் அதையே பார்த்து வரைந்தார்கள். பார்க்கின்சனின் வேறு பல சித்திரங்களும் அதே புத்தகத்தில் அச்சாயின. அவற்றின் கீழே அவர் பெயர் இல்லை. அண்ணனின் உரிமையோடு ஸ்டான்ஃபீல்டு பார்க்கின்சன், தம்பியின் தினசரிக் குறிப்புகளை அதே ஆண்டு தனிப் புத்தகமாக வெளியிட்டார்.

2013-இல் ஸ்டப்ஸின் கங்காருப் படத்தையும் அதன் ஜோடியான டிங்கோ நாய்ப் படத்தையும் இங்கிலாந்தை விட்டு வெளியே போகவிடாமல் வாங்குவதற்கு 55 லட்சம் பவுன் திரட்டினார்கள். அவை கிரீனிச் பொருட்காட்சி சாலைக்குப் போய்ச் சேர்ந்தன.

குக்டவுனில் 1889-இல் கட்டிய பழைய கன்னிமாடம் ஒன்று பொருட்காட்சி சாலையாக இருக்கிறது. கடலடியிலிருந்து மீட்ட 'எண்டெவர்' கப்பலின் பீரங்கியும் நங்கூரமும் அங்கே இருக்கின்றன. அடுத்த தடவை உங்கள் குழந்தை கங்காருப் படத்தைக் காட்டிக் கதை கேட்டால், பீரங்கியைப் பற்றியும் காப்டனைப் பற்றியும் சொல்லுங்கள். கூடவே, ஈக்களோடு போராடிக்கொண்டு படம் போட்ட ஓர் இளைஞரைப் பற்றியும், கேட்டவர்களுக்குச் சரியான பெயரைச் சொல்லிக் கொடுத்த மக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். கங்காருவை நமக்குக் காட்டியவர்கள் அவர்கள் அல்லவா?