ஒரு குப்பி மருந்தும் ஒரு குட்டிக் காரும்

ஆமணக்கெண்ணெய் என்றதும் என் வயதினருக்குப் பாடசாலை விடுமுறையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த பேதி மருந்துதான் நினைவுக்கு வரும். அதே எண்ணெய் ஒரு காலத்தில் ஆகாய விமானங்களையும் பந்தயக் கார்களையும் ஓட வைத்தது என்பது பலருக்குத் தெரியாது. முதலாம் உலகப் போரின் விமான எஞ்சின்களில் மசகாகப் பயன்பட்டது அதுவே. காஸ்ட்ரோல் என்ற புகழ்பெற்ற பெயர்கூட ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரான காஸ்டர் என்பதிலிருந்து பிறந்ததுதான். இன்று அந்த எண்ணெய் எஞ்சினுக்குள் உயிர்வாழும் இடங்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று, வானொலி அலையால் இயக்கப்படும் 'நைட்ரோ' கார்.

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் வசிக்கும் பையன் ஒருவனிடம் அப்படியொரு கார் இருக்கிறது. ரொறன்ரோவிலிருந்து வந்த மாமனார் கொடுத்தது. எரிபொருளை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள் என்பதால் கார் மட்டுமே வந்தது. எரிபொருளுக்கு அவன் மாதக் கணக்கில் அலைந்தான். எஞ்சினின் கொள்ளளவு இரண்டரை கன சென்ரிமீற்றர், அதாவது அரைத் தேக்கரண்டி. அது நிமிடத்துக்கு முப்பதாயிரம் தடவை சுழல்கிறது. அது குடிப்பது பெற்றோல் அல்ல. மெதனோல், நைட்ரோமெதேன், அவற்றுடன் கரைந்த மசகெண்ணெய். நம் வாகனங்களில் இருப்பது போல ஒயில் தேங்கும் தொட்டி இதில் இல்லை. எரிபொருளோடு வரும் எண்ணெய் போகிற வழியில் உலோகத்தைத் தடவிவிட்டுப் புகையோடு வெளியேறுகிறது. பிஸ்ரனுக்கு வளையமும் கிடையாது. மேற்புறம் சற்றே குறுகிய சிலிண்டருக்குள் அது இறுகப் பொருந்தி, சூடேறிய பின்னரே சரியான இடைவெளியைக் காண்கிறது. இவ்வளவு நுட்பமான பொருள் ஒருமுறை இறுகிப்போனால் அதற்குப் பாகம் தேடிப் பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பயனில்லை. பழைய லொறியின் கியர்பெட்டி முதல் எல்லாம் கிடைக்கும் அந்தச் சந்தையிலும் இது கிடைக்காது.

ஒன்றை இடையில் சொல்லிவிட வேண்டும். போர்க்காலத்தில் ஒரு தமிழ்ப் பையன் கையில் ஏரியல் நீட்டிய கருவியுடன் வெள்ளவத்தை ஒழுங்கையொன்றில் நிற்பதைக் கற்பனை செய்யவே முடியாது. 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை விடுதிகளிலிருந்து எம்மவரைப் பேருந்துகளில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பிய நாட்டில், 'ரிமோட்' என்ற சொல்லே ஆபத்தானதாக இருந்தது. இந்தப் பையன் அதன் பின்னர் பிறந்தவன். கடற்கரைப் பக்கம் காரை ஓட்டிவிட்டு, இரைச்சலுக்காக அயலவரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு, சிரித்தபடி திரும்புகிறான். எனக்கு அது மகிழ்ச்சியே.

இனி, குப்பி மருந்துக் கதை. கொட்டாஞ்சேனையில் வசிக்கும் நண்பர் ஒருவர், முன்னர் பத்திரிகையின் விளம்பரப் பிரிவில் என்னோடு கடமையாற்றியவர். வேலை போன பின்னர் எஞ்சினுக்குள் ஊற்றும் 'ட்ரீட்மென்ட்' திரவம் ஒன்றைத் தரகுக்கு விற்று வருகிறார். தேய்மானத்தைத் தடுக்கும், வெப்பத்தைக் குறைக்கும், எரிபொருளை மிச்சப்படுத்தும் என்று குப்பியில் அச்சிட்டிருக்கிறது. 2022இல் எரிபொருள் வரிசைகள் காலி வீதியில் மைல் கணக்கில் நீண்டபோது அவருக்கு வியாபாரம் நன்றாக நடந்தது. QR அட்டைக்கு அளந்து கொடுத்த லீற்றர்களை நீட்டி ஓட்ட எவருக்குத்தான் ஆசையில்லை? பின்னர் தொய்ந்துவிட்டது. பையனின் காரைப் பற்றி நான் பேச்சுவாக்கில் சொன்னதும் அவருக்கு ஒரு யோசனை.

"பெரிய காரில் ஊற்றினால் வித்தியாசம் தெரிய மாதக் கணக்கு ஆகும், அண்ணை. இது சின்ன எஞ்சின். அஞ்சு நிமிசத்தில் தெரிஞ்சுவிடும். வீடியோ எடுப்பம். நீங்கள் ஒரு வரி எழுதிவிட்டால் போதும்."

அந்த ஒரு வரிதான் எனக்கு உறுத்தியது. இத்தகைய திரவங்களின் வரலாறு நான் அறியாததல்ல. டெஃப்லோன் கலந்த 'ஸ்லிக் 50' என்ற அமெரிக்கச் சரக்கின் தேய்மானம் பற்றிய விளம்பரங்களுக்குத் தகுந்த ஆதாரமில்லை என்று அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 1996இல் நடவடிக்கை எடுத்தது. மறுவருடம் நிறுவனம் இணக்கத்துக்கு வந்தது. அதே 1996இல்தான் தமிழ்நாட்டில் ராமர் பிள்ளை மூலிகையால் தண்ணீரைப் பெற்றோலாக்கிக் காட்டினார். விஞ்ஞானிகளும் வியந்தார்கள், பத்திரிகைகள் கொண்டாடின. கலக்கும் கோலுக்குள் மறைந்திருந்தது எது என்பது பின்னர்தான் தெரிந்தது. 2016இல் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதித்தது. செய்முறை விளக்கம் என்பது கண்ணுக்கு விருந்தளிக்கும். ஆனால் அளவிட்டுப் பார்த்ததாக ஆகாது. அன்று தலைப்புச் செய்தி போட்டவர்களில் எத்தனை பேர் தீர்ப்புக்கும் அதேயளவு இடம் ஒதுக்கினார்கள்?

ஆயினும் நண்பரை மறுத்தனுப்ப மனம் வரவில்லை. மகளின் ரியூஷன் கட்டணம் இரண்டு மாதம் நிலுவை என்பதும் எனக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை மாலை இரண்டு குப்பிகளுடன் வந்தார்.

பையன் குப்பியை வாங்கி முன்னும் பின்னும் வாசித்தான். "அங்கிள், இது ஒயிலோடு கலக்கிறதுக்குச் செய்தது. என்ர காரில் ஒயில் தொட்டியே இல்லையே. முதலில் ஒரு போத்தலில் கலந்து பாப்பம்" என்றான். ஜாம் போத்தலொன்றில் சிறிது நைட்ரோ எரிபொருளை விட்டு, மருந்தில் ஒரு மூடியளவு சேர்த்துக் குலுக்கினான். பால் போல வெளுத்தது. மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடித்தோம். குடித்து முடிவதற்குள் மருந்து அடியில் தனிப் படையாக இறங்கிவிட்டது.

இதில் மாயம் ஏதுமில்லை. கனிய எண்ணெய்கள் மெதனோலில் கரைவதில்லை. ஆமணக்கெண்ணெய் கரையும். இந்த எஞ்சின்காரர்கள் இன்றுவரை அதைக் கைவிடாததற்கு இதுவும் ஒரு காரணம். காரின் தாங்கியில் எரிபொருளை உறிஞ்சும் குழாய் அடியில்தான் இருக்கிறது. ஊற்றியிருந்தால் எஞ்சினுக்கு முதலில் போயிருப்பது எரிபொருள் அல்ல, வெறும் மருந்து. மெதனோலின் துணையோடு கனன்றுகொண்டிருக்கும் பிளாட்டினக் கம்பி அதில் நனைந்து அணைந்திருக்கும். நல்வாய்ப்பு இருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

நண்பர் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். "குறைச்சு விட்டால்?" என்று கேட்டார். பையன் பதில் சொல்லவில்லை, தகப்பன் சொன்னார். அவர் 1990களில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர். பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த அந்நாட்களில் மோட்டார் சைக்கிள்களும் ஏ-40 கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சிறு போத்தலில் பொன்போலக் காத்த பெற்றோலைச் சில துளிகள் காபரேற்றருக்குள் விட்டு உதைப்பார்கள். எஞ்சின் பிடித்துச் சூடானதும் மண்ணெண்ணெய். தெருவெங்கும் வெண்புகை, கண்ணெரிச்சல். "எங்களுக்கு வேற வழி இல்லாததால ஊத்தினனாங்கள், தம்பி. எஞ்சின் தேயும் எண்டு தெரிஞ்சுதான் ஊத்தினது. ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோக வேணுமே. இதுக்கு என்ன அவசரம்?"

அதன்பின் எவரும் வற்புறுத்தவில்லை. நண்பரின் குப்பி சாதாரணக் காரில் கெடுதல் செய்யும் என்று நான் சொல்ல வரவில்லை. அதை நான் சோதிக்கவில்லை. நல்லது செய்யும் என்பதற்கான சான்றை அவரிடம் கேட்டேன். விநியோகித்த நிறுவனம் தந்த மினுமினுப்பான பிரசுரம் ஒன்றைத் தவிர அவரிடம் எதுவுமில்லை. ஆகவே அவர் கேட்ட வரியை எழுதவில்லை. வேறு வேலைக்காக இரண்டு இடங்களில் சொல்லி வைத்திருக்கிறேன். ஓரிடத்திலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பையனின் எஞ்சினுக்கு உண்மையான எதிரி தேய்மானம் அல்ல, வெள்ளவத்தையின் உப்புக் காற்று. மெதனோல் ஈரத்தை இழுக்கும். ஓட்டம் முடிந்ததும் மிச்ச எரிபொருளை வெளியேற்றிச் சில துளி எண்ணெய் விட்டுச் சுழற்றி வைக்காவிட்டால் உள்ளிருக்கும் பெயாரிங் துருவேறிவிடும். அதைச் செய்வதற்கு ஆயுர்வேதக் கடை ஆமணக்கெண்ணெய் போதுமா என்று கேட்டேன். அது எஞ்சினுக்காகச் சுத்திகரித்த எண்ணெய் அல்ல, பிசுக்குப் பிடிக்கும் என்று மறுத்துவிட்டான். நண்பர் ஒரு குப்பியை எங்கள் மேசையிலேயே விட்டுச் சென்றிருந்தார். வாயிற்கதவின் கீல் நெடுநாளாகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அதற்கு விட்டுப் பார்த்தேன். சத்தம் நின்றுவிட்டது.