அடுத்த வளைப்பு

மனித வாழ்விலே தீர்மானங்கள் தனித்தனியே வருவனவல்ல. ஒன்றன் விளைவைக் கண்ட பின்னரே அடுத்ததைச் செய்யவேண்டியிருக்கிறது. நட்டத்துக்கும் இடமுள்ள இத்தகைய தொடர்த் தீர்மானங்களில் நம் மனம் எங்கே இடறுகிறது என்பதை அறிய, திருகோணமலை நகருக்கு வடக்கேயுள்ள உப்புவெளிக் கடற்கரை நல்லதொரு பள்ளிக்கூடம்.

அங்கே கரைவலை இழுப்பதைப் பல காலைகளில் நின்று பார்த்திருக்கிறேன். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுத் தோணி கடலுட் சென்று, வலையை அரைவட்டமாக வளைத்து, மறு தலைப்பைக் கரைக்குக் கொணரும். இரு பக்கத்தும் ஆட்கள் நின்று இழுப்பர். மடி கரையேறும்வரை உள்ளிருப்பது எவர்க்கும் தெரியாது. ஒருநாள் மடியிலே சில நெத்தலிகளே கிடந்தன.

"சம்மாட்டியார், இன்னுமொருக்கா வளைப்பம். விட்டதைப் பிடிச்சுப்போடலாம்" என்றான் ஓர் இளைஞன்.

"தம்பி, நாங்கள் விட்டது கடலுக்குத் தெரியுமோ? நீரோட்டத்தைப் பார்த்துச் சொல்லு, வளைக்கிறதோ விடுறதோ எண்டு" என்றார் முதியவர்.

அவ்விளைஞனின் எண்ணம் உலகத்துக்கே பொதுவானது. இலாபம் வருமிடத்தில் உறுதியானதை நாடும் மனிதர், நட்டத்தைத் தவிர்ப்பதற்காயின் சூதாடவும் துணிவர் என, தானியேல் கானெமனும் ஆமொஸ் துவேர்ஸ்கியும் 1979இல் எடுத்துக்காட்டினர். 1990இல் றிச்சாட் தேலரும் எரிக் ஜோன்சனும் தொடர்ந்து வரும் பந்தயங்களை ஆராய்ந்தனர். முன்னர் வென்றவர், வென்ற பணத்தைப் பிறர் பணம்போலக் கருதித் துணிகின்றனர். தோற்றவர் பெரும்பாலும் அஞ்சுகின்றனர். எனினும், இழந்தது முழுவதையும் மீட்கும் வாய்ப்பொன்று தென்பட்டால் அச்சத்தை மறந்து அதனைப் பற்றிக்கொள்கின்றனர்.

பாரதக் கதையிலே தருமன் செய்தது இதுவேயன்றோ! செல்வத்தை இழந்தான், நாட்டை வைத்தான். நாட்டை இழந்தான், தம்பியரையும் தன்னையும் ஈற்றிலே திரௌபதியையும் வைத்தான். ஒவ்வோர் ஆட்டத்திலும் அவனை ஆட்டுவித்தது வரப்போகும் காயன்று, போன காயே.

அங்ஙனமாயின் நடந்ததனைத்தையும் மறந்துவிடுவதா? இல்லை. முதல் வளைப்பு இரண்டு பொருள்களைத் தருகிறது. ஒன்று செய்தி: மீன் கரையை அணைந்திருக்கிறதா, நீரோட்டம் மாறிவிட்டதா என்பது. மற்றையது மனக்குறை: இத்தனை பேர் உழைத்தும் வெறுங்கை என்பது. அடுத்த வளைப்புக்குச் செய்தி உதவும், மனக்குறை உதவாது. இரண்டையும் பிரித்தறிவதே அம்முதியவரின் கல்வி.

மாணவருக்கும் குடும்பத்தாருக்கும் இது பயன்படும். பொருந்தாத படிப்பொன்றை, "இரண்டு ஆண்டு போயிற்றே" என்று தொடர்வோர் உளர். தளர்ந்த வியாபாரத்திலே, போட்ட முதலை மீட்பதற்காக வீட்டு நகையையும் போடுவோர் உளர். போன ஆண்டுகளும் போட்ட பணமும் இரண்டு வழியிலும் திரும்பப்போவதில்லை. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: "இன்றுதான் புதிதாகத் தொடங்குவதாயின், இன்று அறிந்தவற்றைக்கொண்டு இதனைத் தொடங்குவேனா?" ஆம் எனின் வலையை வளைக்கலாம். அல்லவெனின் கயிற்றைச் சுருட்டிவைப்பதும் தொழிலின் ஒரு பகுதியே.