கழுத்தில் தடம் இல்லை என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தமா?

இன்றைய பதிவு கொஞ்சம் கனமானது. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கடைசிவரை படியுங்கள்.

"கோபத்துல கழுத்தைப் புடிச்சிட்டாரு டீச்சர்." நான் தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்த காலத்தில், பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒரு தாய் கம்மிய குரலில் சொன்னது இது. காவல் நிலையத்தில், "காயம் ஒண்ணும் இல்லையேம்மா" என்று சமாதானம் பேசி அனுப்பிவிட்டார்களாம். குரல் ஏன் கம்மியது என்று யாரும் கேட்கவில்லை.

அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 300 கழுத்து நெரிப்பு வழக்குகளை ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். பாதி வழக்குகளில் வெளியே தெரியும் காயமே இல்லை. இன்னொரு 35 சதவீதத்தில், படம் எடுத்தாலும் தெரியாத அளவுக்குச் சின்னத் தடம்தான். அதே நாட்டில் 2008இல் வந்த ஆய்வு இன்னும் பயங்கரம். துணைவன் கழுத்தை நெரித்த பெண் பின்னாளில் அவன் கையாலேயே கொல்லப்படும் ஆபத்து, அடி வாங்கும் மற்ற பெண்களைவிட 7 மடங்கு அதிகம்.

நியூசிலாந்து 2018இல் இதைத் தனிக் குற்றமாக்கியது; 7 ஆண்டு வரை சிறை. இங்கிலாந்தில் 2022 ஜூன் முதல் 5 ஆண்டு வரை சிறை. நம் பாரதிய நியாய சன்ஹிதாவில் இதற்கென்று தனிப் பிரிவு இல்லை. கொலை முயற்சிக்கு 109ஆவது பிரிவு உண்டு. ஆனால் கொல்லும் எண்ணத்தை நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் 115(2), சாதாரணக் காயம், அதிகபட்சம் 1 ஆண்டு. கணவன் கொடுமைக்கான 85ஆவது பிரிவைச் சேர்த்தாலும் 3 ஆண்டுதான்.

தனிப் பிரிவு வர வேண்டும். அதுவரை காவலர்கள் நாலு கேள்வி கேட்கலாமே. மூச்சு முட்டியதா? நினைவு தப்பியதா? குரல் மாறியதா? எச்சில் விழுங்க முடிகிறதா? பதிலை அந்தப் பெண் சொன்னபடியே புகாரில் எழுதினால், அதுவே சாட்சியாகும்.

தாய்மார்களே, மகள் இப்படிச் சொன்னால் "அனுசரிச்சுப் போ" என்று சொல்லாதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். கழுத்து ரத்தக்குழாயில் ஏற்பட்ட காயம் சில நாள் கழித்துக்கூடப் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடலாம். "கழுத்தை நெரித்தார்" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லி, ஏ.ஆர். பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். பெண்கள் உதவி எண் 181.

படித்ததோடு விடாமல் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.