எந்தச் சட்டக் கல்லூரி?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

"பட்டம் வாங்கிய பிறகு என்ன செய்யப் போகிறாய்?" என்ற கேள்வி இரண்டாம் ஆண்டு மாணவர் எவரையும் விடுவதில்லை. "சட்டம் படிக்கப் போகிறேன்" என்று நான் சொன்னால், "எந்தக் கல்லூரியில்?" என்று அடுத்த கேள்வி வருகிறது. பெயர் பெற்ற கல்லூரி எது என்று நண்பர்கள் விவாதிக்கிறார்கள். எனக்கோ, படித்து முடித்து எந்த வேலையில் நிற்கப் போகிறோம் என்பதே முதற் கேள்வியாகத் தோன்றுகிறது.

பள்ளி வாசலை மிதியாத குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். நான் பள்ளியில் படித்தபோது மூட்டை சரிந்து அவர் கால் முறிந்தது. "இவர் எங்கள் ஆளே இல்லை" என்றது ஆலைத் தரப்பு. எங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவர், "அண்ணே, கூலிக் கணக்கு எழுதின நோட்டு ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார். அப்பா சொல்லச் சொல்ல நாள்தோறும் நான் எழுதி வைத்த நாற்பது பக்க நோட்டு இருந்தது. தொழிலாளர் துணை ஆணையர் முன் அதுவும் ஒரு சான்றாயிற்று. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இரண்டு ஆண்டுகள் கழித்து இழப்பீடு கிடைத்தது. சட்டம் படிக்கும் எண்ணம் எனக்கு அப்போதுதான் முளைத்தது.

பட்டதாரிகளுக்குரியது மூன்றாண்டுச் சட்டப் படிப்பு. பெங்களூர் தேசியச் சட்டப் பள்ளி 2022 முதல் இப்படிப்பை நடத்துகிறது. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. கட்டணம் ஆண்டுக்குச் சில இலட்சம். நம் மாநிலத்து அரசு சட்டக் கல்லூரிகளில் பட்டப்படிப்பு மதிப்பெண்ணைக் கொண்டே இடம் தருகிறார்கள். கட்டணமும் மிகக் குறைவு. எங்கே படித்தாலும் வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு செய்துகொண்டு, 2011 முதல் நடைபெறும் அகில இந்திய வழக்கறிஞர் தேர்வை எழுதியே ஆக வேண்டும். அந்தத் தேர்வு எல்லோருக்கும் ஒன்றுதான்.

அப்படியானால் கல்லூரிகளுக்குள் வேறுபாடே இல்லையா? உண்டு. பெரிய நிறுவனங்களின் ஒப்பந்தங்களை எழுத விரும்பும் என் வகுப்புத் தோழனுக்குப் பெங்களூர் பொருந்தும். அத்தகைய நிறுவனங்கள் ஆள் எடுக்க அங்கே தேடி வருகின்றன. காப்புரிமைத் துறையை நாடுபவருக்குச் சென்னை நல்லது. கிண்டியில் காப்புரிமை அலுவலகம் இருக்கிறது. காப்புரிமை முகவர் தேர்வெழுத அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் வேண்டும். சட்டப் பட்டம் மட்டும் போதாது. நம் வேதியியல் பட்டத்துக்கு இப்படியொரு மதிப்பு உண்டு என்பதை எங்கள் பேராசிரியர் சொல்லித்தான் அறிந்தேன். நீதிபதியாக விரும்பும் தோழி ஒருத்தி இருக்கிறாள். உரிமையியல் நீதிபதிப் பதவிக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே எங்கே படிப்பது என்பதோடு, எந்த மூத்தவரிடம் தொழில் பழகுவது என்பதையும் அவள் இப்போதே எண்ண வேண்டும்.

என் நோக்கம் வேறு. அப்பாவைப் போன்றவர்கள் வந்து நிற்கும் ஊர் நீதிமன்றத்தில் நான் வாதாட வேண்டும். அங்கே சாட்சி பேசுவது தமிழில். வருவோரிடம் நோட்டு இருக்கிறதா என்று கேட்கத் தெரிந்த மூத்தவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். எனவே மதுரை அரசு சட்டக் கல்லூரியை மனத்தில் வைத்திருக்கிறேன். ஊரிலிருந்து பேருந்தில் போய் வரலாம்; விடுமுறையில் ஊர் வழக்கறிஞர் அலுவலகத்தில் கட்டுகளைப் புரட்டலாம். உயர்நீதிமன்றக் கிளையும் 2004 முதல் மதுரையில் இருக்கிறது.

இதில் இடர் இல்லாமல் இல்லை. "இன்னும் மூணு வருசமாப்பா?" என்று அப்பா கேட்டார். மூன்று என்பது படிப்புக்கு மட்டும். அதன்பின் இளம் வழக்கறிஞராகச் சில ஆண்டுகள் கைச்செலவுக்கே திண்டாட நேரும். தங்கை இப்போது பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறாள். அவள் படிப்பு என்னால் நின்றுவிடக் கூடாது. ஆகவே மாலையில் தனிப்பயிற்சி வகுப்பு நடத்துவதென்றும், வீட்டிலிருந்து பணம் கேட்பதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறேன். இதையும் கணக்கிட்ட பிறகே கல்லூரியைத் தேர்ந்தேன்.

நண்பர்களே! உங்களில் சட்டம் படிக்க எண்ணுவோர் இருந்தால், கல்லூரியின் பெயரைக் கேட்குமுன் ஒரு நாள் உங்கள் ஊர் நீதிமன்றத்துக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். அங்கே நிற்க மனம் வருகிறதா, வேறெங்கோ போகத் தோன்றுகிறதா என்று உங்களுக்கே தெரியும். விண்ணப்பப் படிவத்தை அதன் பிறகு வாங்கலாம்.