பிறந்த வீட்டு எண்

துப்பாக்கி பிடித்தறியாத எனக்கு ஜிம் கார்பெட்டின் வேட்டைக் கதைகளில் புலியைவிடப் பெரிய புதிர், அவருடைய ரைபிளின் பெயர்தான்: 450/400. ஒரு துப்பாக்கிக்கு எதற்கு இரண்டு அளவு?

ஆப்பிரிக்காவில் காலம் கழித்துத் திரும்பிய மாமாவிடம் கேட்டேன்.

"முதல் எண் பிறந்த வீடுடா, அடுத்தது புகுந்த வீடு" என்றார். .450 தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, வாயை மட்டும் நெருக்கி, சிறிய .400 குண்டைப் பொருத்தினார்களாம். வயிறு பழையபடியே, மருந்துக்குப் பஞ்சமில்லை.

அமெரிக்கர்கள் இதைக் குடிசைத் தொழிலாகவே ஆக்கிவிட்டார்கள். 1906-இல் அவர்களுடைய ராணுவத்துக்கு வந்த 30-06 கூட்டின் வாயை 1922-இல் அகட்டினார்கள்; .35 வீலன் பிறந்தது. 1925-இல் வின்செஸ்டர் கம்பெனி அதே கூட்டை நெருக்கி .270 கொண்டுவந்தது. வீட்டுப் பட்டறையில் பிறக்கும் இத்தகைய தோட்டாக்களுக்குக் 'காட்டுப்பூனை' என்று பெயர்.

"ஆனால் வாயை மாற்றுகிறவன், அடியில் பொறித்த பழைய எண்ணை மாற்றுவதில்லை. அதை நம்பி வேறு துப்பாக்கியில் போட்டால் சுட்டவன் முகத்திலேயே வெடிக்கும்" என்று மாமா கன்னத்துத் தழும்பைக் காட்டினார்.

பழைய கூட்டில் புதுச் சரக்கு அடைத்துப் பிழைக்கிற கதைக்காரன் நான். என் தலைப்பை நம்பி இதுவரை யாருக்கும் காயமில்லை. அந்த மட்டில் நிம்மதி.