26 இலக்கத்தில் ஒரு பகா எண்

80561663527802406257321747

இந்த எண்ணை மூச்சுவிடாமல் படிக்க முடிந்தால் சபாஷ். மொத்தம் 26 இலக்கம், இது ஒரு பகா எண்.

பகா எண் என்றால் திருப்பூர்க்காரருக்கு பேக்கிங் செக்ஷனை வைத்தே சொல்லிவிடலாம். 252 பீஸ் இருந்தால் 21 டஜன், பிரச்சினை இல்லை. ஒரு பீஸ் குறைந்து 251 ஆகிவிட்டால் போச்சு, எத்தனை பெட்டியில் சமமாகப் பிரித்தாலும் மிச்சம் விழும். இந்த 252, 251 இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் ரயில் ஏறினால் அடுத்த பெரிய ஸ்டேஷன் ஈரோடு. 1887 டிசம்பர் 22-ல் ராமானுஜன் பிறந்தது அங்கேதான். அவர் பேரைச் சொன்னால் எல்லோரும் 1729 டாக்ஸிக் கதையை ஆரம்பித்துவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய சமாச்சாரம் 1916-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் இருக்கிறது.

(1−x)(1−x²)(1−x³)... என்று முடிவில்லாமல் பெருக்கி, அதை 24-ம் அடுக்குக்கு உயர்த்தி, ஒரு x-ஆல் பெருக்க வேண்டும். வரும் கெழுக்கள் 1, −24, 252, −1472, 4830, −6048... இதற்கு 'டௌ' என்று பேர். (மூன்றாவது கெழு அதே 21 டஜன்! தற்செயல்தான்.)

−24-ஐ 252-ஆல் பெருக்கினால் −6048. அதாவது 2-க்கும் 3-க்கும் உரிய கெழுக்களைப் பெருக்கினால் 6-க்கு உரியது வந்துவிடுகிறது. பொதுக் காரணி இல்லாத எந்த இரண்டு எண்ணுக்கும் இப்படித்தான் என்று ராமானுஜன் ஊகித்தார். நிரூபணம் தரவில்லை. அடுத்த வருஷமே மோர்டெல் நிரூபித்தார்.

சரி, இந்தக் கெழுக்களில் முதல் பகா எண் எப்போது வரும்? ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதில்லை. மேலே சொன்ன விதிப்படி, பகா எண்ணின் அடுக்காக இல்லாத இடமெல்லாம் பெருக்கலாக உடைந்துவிடும். அதோடு, ஒற்றைப்படை வர்க்கத்தில் மட்டுமே டௌ ஒற்றைப்படையாக வரும். ஆக 9, 25, 49, 81 என்று சில இடங்கள்தான் மிச்சம். p பகா எண் என்றால் p²-க்கு டௌ(p)² − p¹¹ என்று ஒரு சூத்திரமும் உண்டு. 9-ல் 252² − 3¹¹ = −113643, மூன்றால் வகுபடும். 25-ல் −25499225, பார்த்தாலே தெரிகிறது.

இப்படித் தோற்றுக்கொண்டே போய் 251² = 63001-ல்தான் மாட்டுகிறது. மைனஸ் குறியைத் தள்ளிவிட்டால் முதல் வரியில் இருக்கும் அந்த எண். வகுத்தே சோதிப்பது என்றால் கிட்டத்தட்ட 9 லட்சம் கோடி வரைக்கும் போக வேண்டும் :-) வேறு சோதனைகள் இருப்பதால் பிழைத்தோம். இதை 1965-ல் வெளியிட்டவர் டி. எச். லேமர். ராமானுஜன் இறந்து அப்போது 45 வருஷம் ஆகியிருந்தது. அவர் கட்டுரையில் போட்ட அட்டவணையில் இருந்தவை வெறும் 30 மதிப்புகள்.

அதே லேமர் 1947-ல் இன்னொரு கேள்வி கேட்டார்: டௌ எங்காவது பூஜ்யம் ஆகுமா? கம்ப்யூட்டரை வைத்து எவ்வளவோ தூரம் தேடியும் ஒரு பூஜ்யம்கூட அகப்படவில்லை. வரவே வராது என்று யாரும் நிரூபிக்கவும் இல்லை.