பால் கணக்கு நோட்டில் ஒரு டிவி விவாதம்

போன மாதம் சமயபுரத்தில் என் அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து. பந்தியில் நானும் என் மகளும் உட்கார்ந்தோம். எதிர் வரிசையில் இருந்த அண்ணன், அவளைப் பார்த்ததும் பாயசத்துக்குக்கூடக் காத்திருக்காமல் எழுந்து போய்விட்டார். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மலைக்கோட்டை ஏறியவர் அவர்.

கை கழுவும் இடத்தில் பிடித்துக் கேட்டேன். "என்னண்ணா இது?"

"உன் பொண்ணு எங்க கட்சிக்காரரை வாயைத் திறக்கவே விடலியே. எவ்வளவு வாங்கினாளாம்?"

என் மகள் சென்னையில் ஒரு செய்தி சேனலில் நெறியாளர். ராத்திரி விவாதம் நடத்துகிறவள். சம்பளத்தில் வீட்டு வாடகை போக மிச்சம் என்னவென்று எனக்குத் தெரியும். 'வாங்கினாளாம்' என்ற வார்த்தை அன்று முழுக்கத் தொண்டையில் நின்றது.

வேனில் திரும்பும்போது கொழுந்தனார் மெதுவாக ஆரம்பித்தார். அவர் எதிர்க்கட்சி. "அண்ணி, தப்பா நினைக்காதீங்க. பாப்பா அந்தப் பக்கம் இவ்வளவு சாய்வான்னு எதிர்பார்க்கலை. எங்க ஆளை என்னமா மடக்குறா, பாத்தீங்களா?"

இருவரும் சொன்னது ஒரே நாள் விவாதத்தை!

ராத்திரி மகளிடம் சொன்னேன். சிரித்தாள். "விடும்மா. ஒருத்தன் என்னை '200 ரூபாய்'ங்கிறான், இன்னொருத்தன் 'சங்கி'ங்கிறான். ரெண்டு பேரும் திட்டினா நான் நடுவுல இருக்கேன்னுதானே அர்த்தம்?"

எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால், முழுசாக ஒட்டவில்லை.

டிவி பார்த்துச் சண்டை போடுவது எங்கள் குடும்பத்துக்குப் புதுசில்லை. 1975-ல் சென்னையில் தூர்தர்ஷன் வந்தபோது சண்டைக்கு வழியில்லை. இருந்தது ஒரே சேனல், அதுவும் அரசாங்கச் செய்தி. 1993-ல் சன் டிவி, 1999-ல் ஜெயா டிவி என்று வந்த பிறகுதான் வீட்டில் ரிமோட் கைமாற ஆரம்பித்தது.

2001 ஜூன் 30-ஐ மறக்க முடியாது. விடிவதற்கு முன்பே கலைஞரைக் கைது செய்தார்கள். அப்போது அவருக்கு வயது 77. சன் டிவியைப் போட்டால், போலீஸார் அவரை இழுத்துச் செல்லும் காட்சி திரும்பத் திரும்ப ஓடியது. ஜெயா டிவியைப் போட்டால், மத்திய அமைச்சர்கள் போலீஸாரோடு மல்லுக்கட்டும் காட்சி. இரண்டும் கேமராவில் பதிவானதுதான். எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதில்தான் எல்லாம் இருந்தது. எங்கள் வீட்டு ஹாலில் அன்று இரண்டு கட்சியும் உட்கார்ந்திருந்தது. சமையல் ஆனது, சாப்பிடத்தான் ஆளில்லை.

ஆனால், அன்று செய்தி வாசித்த பெண்ணை யாரும் திட்டவில்லை. எந்த சேனல் யாருடையது என்று ஊருக்கே தெரியும். எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறார், அவ்வளவுதான் என்று விட்டுவிட்டோம். பிறகு 24 மணி நேரச் செய்தி சேனல்கள் பெருகின. 2011-ல் புதிய தலைமுறை வந்த பிறகு, ராத்திரி விவாதம் மெகா சீரியல் மாதிரி வீட்டு வழக்கமானது. வாசிக்கிறவர் போய், கேட்கிறவர் வந்தார். கேள்வி ஒரு முகத்தோடு சேர்ந்து வருவதால், கோபமும் அந்த முகத்தின் மேல் விழுகிறது. 2023 செப்டம்பரில் 'இந்தியா' கூட்டணி, 14 நெறியாளர்களின் பெயரைப் பட்டியல் போட்டு, அவர்களுடைய நிகழ்ச்சிகளுக்குப் பேச ஆள் அனுப்பமாட்டோம் என்று அறிவித்தது நினைவிருக்கும்.

மகள் ஒருமுறை ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்தது, 1985-ல் வெளிவந்தது. 1982-ல் பெய்ரூட் அகதி முகாம்களில் நடந்த படுகொலை பற்றிய டிவி செய்திகளை இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஒரே செய்திகள்தான். 'இது எங்களுக்கு எதிராக இருக்கிறது' என்று இரு தரப்பும் சொன்னது. என் அண்ணனும் கொழுந்தனாரும்தான்!

ஆனால் யோசித்தால், இதில் இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு பக்கமும் திட்டுவது திட்டுகிறவர்களின் மனசைத்தான் காட்டுகிறது. நெறியாளர் நடுவில் இருக்கிறார் என்பதற்கு அது சான்றாகிவிடாது. கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் இரண்டு பக்கமும் திட்டத்தான் செய்யும்.

மறுநாள் மத்தியானம் அந்த விவாதத்தை யூடியூபில் மறுபடி போட்டேன். 48 நிமிடம். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு கட்டம் கட்டி, அண்ணன் கட்சி, கொழுந்தனார் கட்சி என்று எழுதிக்கொண்டேன். யார் எத்தனை நிமிடம் பேசினார், மகள் எத்தனை முறை குறுக்கிட்டாள், பதில் வராதபோது விடாமல் திரும்பக் கேட்டாளா என்று குறித்தேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் சாயங்காலம் ஆகிவிட்டது.

நேரம் ஏறக்குறைய சமம். குறுக்கீடு சமமில்லை. அண்ணன் கட்சிக்காரரை 14 முறை, கொழுந்தனார் கட்சிக்காரரை 6 முறை.

நோட்டை மூடி வைத்துவிடலாமா என்று நினைத்தேன். பெற்றவள் பார்த்துச் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள் என்று போன் செய்தேன்.

"அம்மா, நீங்களுமா?" என்றாள். குரல் இறங்கிவிட்டது. பிறகு வேலையை விளக்கினாள். விருந்தினரை அழைப்பது அவள் இல்லை, அதற்குத் தனியாக ஆள் உண்டு. திரையில் போடும் தலைப்பை முடிவு செய்வது ஆசிரியர் குழு. காதில் மாட்டிய கருவியில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து 'இவரை முடி, அவரிடம் போ, விளம்பரம் வருது' என்று குரல் வந்துகொண்டே இருக்கும். "நாலு பேர் ஒரே நேரத்துல பேசும்போது அஞ்சாவதா காதுக்குள்ள ஒருத்தர் பேசுவார்ம்மா."

"சரி கண்ணு. ஆனா குறுக்கே பேசினது நீதானே?"

"அவர் கேட்ட கேள்விக்குப் பதிலே சொல்லலை. அதான் திரும்பத் திரும்பக் கேட்டேன்."

"இன்னொருத்தர் பதில் சொன்னாரா?"

பதில் வர நேரமாயிற்று. நான் நோட்டைப் பார்த்துச் சொன்னேன். "இருபதாவது நிமிஷத்துல ஒரு கேள்வி கேட்டே. அவர் வேற எதையோ பேசினார். நீ 'நன்றி'ன்னு சொல்லிட்டு அடுத்தவர்கிட்ட போயிட்டே."

"தெரியும்மா" என்றாள்.

பிறகுதான் அதுவரை எனக்குச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னாள். அதற்கு இரண்டு வாரம் முன்பு, அந்தக் கட்சிக்காரரிடம் அவள் விடாமல் கேள்வி கேட்டிருக்கிறாள். அந்தத் துண்டை வெட்டி, 'விலைபோனவள்' என்று பரப்பியிருக்கிறார்கள். அவளுடைய போன் நம்பரையும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். மூன்று நாள் ராப்பகலாக அழைப்புகள், எழுத முடியாத வார்த்தைகள். "அன்னிக்கு அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்க வாய் வரைக்கும் வந்துச்சும்மா. வேணாம்னு விட்டுட்டேன். எனக்கே தெரியாம விட்டுட்டேன்னு நினைச்சிட்டிருந்தேன். தெரிஞ்சுதான் விட்டிருக்கேன்."

எனக்கு எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது. சாய்கிறாள், சாய்கிறாள் என்று கத்தியே அவளைச் சாய்த்திருக்கிறார்கள். அவள் காசு எதுவும் வாங்கவில்லை. பயத்தை வாங்கியிருக்கிறாள். அந்தப் பயம் அண்ணன் கட்சிக்காரருக்கு 14 குறுக்கீடாகவும், கொழுந்தனார் கட்சிக்காரருக்கு ஒரு 'நன்றி'யாகவும் விழுந்திருக்கிறது. அதனால் அண்ணனின் கோபத்தில் நியாயம் இருந்தது. அவர் கேட்ட கேள்வியில்தான் இல்லை.

அதற்காக, டிவியில் வருவதையெல்லாம் வாய் மூடிப் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. தவறென்றால் கேட்கத்தான் வேண்டும். கேட்க முறையும் இருக்கிறது. ஒரு நிகழ்ச்சி விதிகளை மீறியதாக நினைத்தால் அந்த சேனலுக்கே எழுத்தில் புகார் அனுப்பலாம். 2021-ல் திருத்திய கேபிள் டிவி விதிகளின்படி, 24 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்ததை ஒப்புக்கொண்டு, 15 நாளுக்குள் சேனல் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் சேனல்களின் சுய ஒழுங்கு அமைப்புக்கு மேல்முறையீடு போகலாம். அதற்கு நாள், நேரம், சொன்ன வார்த்தை எல்லாம் வேண்டும். 'எவ்வளவு வாங்கினே?' என்பதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. 'இருபதாவது நிமிஷம் ஏன் திரும்பக் கேட்கலை?' என்பதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அடுத்த வாரம் அதே கட்சிக்காரர் மறுபடி விவாதத்துக்கு வந்தார். நான் சாமி விளக்கை ஏற்றிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். அவர் நழுவினார். மகள் ஒரு நொடி தண்ணீர் குடித்தாள். "ஐயா, என் கேள்வி அது இல்லை" என்று அமைதியாகத் திரும்பக் கேட்டாள். மூன்று முறை கேட்டாள். அன்று ராத்திரி அவள் போன் என்ன பாடுபட்டது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "பதினாலுதானா? நான் முப்பது, நாப்பது இருக்கும்னு நினைச்சேன்" என்றார். பிறகு, "நேரம் சமமாத்தான் குடுத்திருக்கா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மகளுக்கு நடந்ததையும் சொன்னேன். பேசாமல் இருந்தார். கிளம்பும்போது, "புள்ளைய நம்பரை மாத்தச் சொல்லு" என்றார்.

இப்போது அவரும் ஒரு நோட்டு வாங்கியிருக்கிறார். ராத்திரி பத்து மணிக்கு போன் வருகிறது. "இன்னிக்கு எங்க ஆளை எட்டு தடவை நிறுத்தினா, எழுதிட்டேன்."

"அந்த ஆளை எத்தனை தடவை நிறுத்தினா அண்ணா?"

"அதை யார் எண்ணினா?"

ரெண்டு கட்டம் போடுங்கண்ணா என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.